கட்டைக்கேற்ற கால்

சப்பாத்துக்குள்ளே வைக்கிறதுக்கெண்டே ஒரு கட்டை விற்கிறார்கள். 'ஷூ ட்ரீ' என்று பெயர். முன்பக்கம் விரல்களையெல்லாம் ஒன்றாய்ச் சேர்த்து வார்த்த மாதிரி வழுவழுப்பான மரம், பின்பக்கம் குதிக்கால் மாதிரி ஒரு குமிழ், இரண்டுக்கும் நடுவில் சுருள்வில் பூட்டிய கம்பி. சப்பாத்தைக் கழற்றின சூட்டோடு இதை உள்ளே தள்ளிவிட வேண்டும். வேர்வையில் இளகிய தோல் காயும்போது சுருங்கப் பார்க்கும், மூக்கு மேலே வளையப் பார்க்கும், நடக்கும்போது விழுந்த மடிப்புகள் அப்படியே இறுகப் பார்க்கும். கட்டை இருந்தால் தோல் அந்தக் கட்டையின் வடிவிலேயே காயும். சீடர் மரக் கட்டை என்றால் ஈரத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், மணமும் நல்லது. பிளாஸ்டிக் கட்டை வடிவத்தை மட்டும் பிடிக்கும்.

இதை விளக்குகிற வீடியோக்களில் தவறாமல் ஒரு அறிவுரை வரும். ஒரே சோடியை அடுத்தடுத்த நாள் போடாதீர்கள், ஒரு நாள் போட்டால் ஒரு நாள் கட்டை வைத்து ஓய்வு கொடுங்கள், அப்படிச் செய்தால் நல்ல சப்பாத்து வருஷக்கணக்கில் உழைக்கும்.

அறிவுரை பிழை என்று நாங்கள் சொல்லேல்லை. தோலின் குணம் அதுதான். ஆனால் ஓய்வெடுக்கிற சப்பாத்துக்குத்தானே கட்டை வைக்கலாம்? ஒரு சோடி மட்டும் வைத்திருக்கிற பிள்ளையின் சப்பாத்து திங்கள் தொடக்கம் வெள்ளி வரை வேலையில் நிற்கிறது. சனிக்கிழமை ரியூசன் வகுப்புக்கும் சிலவேளை அதுதான். பராமரிப்பு என்று உலகத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படுகிற இந்த அறிவு, இரண்டாவது சோடி உள்ளவர்களுக்காகச் சொல்லப்படுகிற அறிவு. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு 'ஒழுங்காய் வைத்திருக்கத் தெரியாத சனம்' என்று கதைக்கும்போதுதான் எங்களுக்குக் கோபம் வருகிறது.

வரலாறும் அதைத்தான் சொல்கிறது. முழங்கால் வரை வரும் குதிரைச் சவாரி பூட்ஸுகளுக்கு இங்கிலாந்தில் பல துண்டாய் வரும் கட்டைகள் இருந்தன. முன்துண்டையும் பின்துண்டையும் உள்ளே விட்டு, நடுவில் ஆப்பு மாதிரி இன்னொன்றை இறக்கி இறுக்க வேண்டும். துரை இறக்கவில்லை, வேலைக்காரன் இறக்கினான். பழைய ஆங்கிலச் சத்திரங்களில் தங்குகிறவர்களின் பூட்ஸைத் துடைக்கிற ஆளை 'பூட்ஸ்' என்றே கூப்பிட்டார்கள். ஆளின் பெயரையே சப்பாத்து விழுங்கிவிட்டது.

இனி எங்கட பக்கம் வருவோம். சப்பாத்து என்ற சொல்லே போர்த்துக்கீசரோடு வந்து இறங்கியது. சிங்களத்தில் சபத்து, எங்களுக்குச் சப்பாத்து. ரப்பர் செருப்புக்கு நாங்கள் சொல்கிற 'பாட்டா' ஒரு கம்பனியின் பெயர். சொற்களை இவ்வளவு தாராளமாக வாங்கின எங்களிடம் ஷூ ட்ரீக்கு மட்டும் ஒரு சொல்லும் இல்லை. தேவைப்படேல்லை. அந்த வேலையை உதயனும் வீரகேசரியும் பார்த்துக்கொண்டன.

மூன்றாம் தவணையும் மாரி மழையும் ஒன்றாய் வரும். வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து நனைந்து ஊறி வீட்டுக்கு வரும். பேப்பரைக் கசக்கி விரல்முனைவரை இறுக்கித் திணிக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்தால் ஊறின தாளை இழுத்தெடுத்துவிட்டுக் காய்ந்த தாள் வைக்க வேண்டும். படுக்கப் போகும்போது இன்னொருக்கா. பிறகு அடுப்படிக்குக் கிட்ட, அல்லது பிரிட்ஜுக்குப் பின்னால். மரண அறிவித்தல் பக்கத்தைத் திணிக்க அம்மம்மாமார் விடமாட்டார்கள். சிறப்பு மலர் பளபளப்புத் தாள், அது தண்ணியை இழுக்காது. சாதாரண செய்தித்தாள் நன்றாக இழுக்கும், ஆனால் மை வெள்ளைத் துணியில் பிடிக்கும். விடிய எழும்பிப் பார்த்தால் சப்பாத்தின் நாக்கில் ஏதோ ஒரு அமைச்சரின் அரை முகம் இருக்கும்.

பேப்பருக்கு இன்னொரு வேலையும் உண்டு. வருஷத் தொடக்கத்தில் சப்பாத்து வாங்கும்போது வளருகிற கால் என்று இரண்டு இலக்கம் பெரிசாகத்தான் எடுப்பார்கள். முதல் வருஷம் மூக்குக்குள்ளே பேப்பரைத் திணித்துப் போட வேண்டும். நடக்க நடக்க அது கட்டியாகி விரலை இடிக்கும். இரண்டாம் வருஷம் சரியான அளவு. மூன்றாம் வருஷம் விரல்கள் உள்ளே மடங்கியிருக்கும். அதாவது ஒரு சோடி சப்பாத்தின் ஆயுளில் கால் சப்பாத்துக்குப் பொருந்துவது நடுவில் கொஞ்சக் காலம் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் சப்பாத்துக்குப் பொருந்த வேண்டியது கால். அரசாங்கம் கஷ்டப் பிரதேசப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கிற சப்பாத்து வவுச்சரும் இந்தக் கணக்கை மாற்றாது. வவுச்சர் ஒன்று, சோடி ஒன்று, மழை மூன்று மாதம்.

இவ்வளவு பாடுபட்டு, படலையடியில் என்ன நடக்கிறது? மாணவத் தலைவர்கள் வரிசையில் நின்று காலைப் பார்க்கிறார்கள். வெள்ளையாய் இருக்கிறதா, மூக்குச் சப்பையாய்ப் போயிருக்கிறதா, பக்கத்தில் கிழிந்திருக்கிறதா. சரியில்லாதவர்கள் ஒரு பக்கம் நிற்க வேண்டும். முதல் பாடம் போகும். இதில் நாங்கள் வகுப்பறைக்குள் வரமுதல் கற்றுக்கொண்ட வித்தைகள் ஏராளம். கறுத்த இடத்தில் சோக்கைத் தேய்க்கிறது, பற்பசை பூசுகிறது. அந்தச் சோக்கும் மழைத்துளி பட்டதும் வடிந்துவிடும். வாராவாரம் ஊறவைத்துத் தேய்ச்சுத் தோய்க்கத் தோய்க்க ரப்பர் அடியின் ஒட்டு விட்டுக்கொண்டே வரும். வெள்ளையாய் வைத்திருக்கச் சொல்கிற விதியே சப்பாத்தைச் சீக்கிரம் சாகடிக்கிறது. செத்த சப்பாத்தோடு போனால் அதற்கும் தண்டனை.

அந்த வடிவம் முதலில் யாருடையது என்று கேட்க வேண்டும்.

சப்பாத்து காலைப் பார்த்துத் தைக்கப்படுவதில்லை. ஒரு அச்சுக்கட்டைமேல் தோலையோ துணியையோ இழுத்துப் பூட்டித்தான் உருவாகிறது. அந்தக் கட்டைக்கு ஆங்கிலத்தில் 'லாஸ்ட்' என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் வேர் காலடித்தடத்தைக் குறித்தது. காலின் தடமாய்த் தொடங்கினது காலை அடக்குகிற அச்சாய் முடிந்திருக்கிறது. ஐரோப்பாவில் நீண்ட காலம் இடம் வலம் என்ற வித்தியாசமே இல்லாத கட்டைகளில்தான் சப்பாத்து செய்தார்கள். இரண்டு காலுக்கும் ஒரே வடிவம். 1781இல் பேத்ரஸ் காம்பர் என்ற டச்சு உடற்கூற்றியலாளர் நல்ல சப்பாத்து எப்படி இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு நூலே எழுதினார். 1858இல் சூரிச்சைச் சேர்ந்த ஹெர்மன் மேயர் என்ற உடற்கூற்றியலாளர் திரும்பவும் அதே விஷயத்துக்கு வந்தார். சப்பாத்து காலின் வடிவத்துக்கு வரவேண்டும், கால் சப்பாத்தின் வடிவத்துக்கு அல்ல என்பதுதான் வாதம். இன்றைக்கும் கடைகளில் கூரான மூக்குச் சப்பாத்து தொங்குகிறது. எந்த மனிசருக்கும் நடுவிரல் ஆக நீளமாய் இருந்து இரண்டு பக்கமும் சரிந்துவருகிற கால் இருந்ததாக நாங்கள் அறியேல்லை.

கட்டைமேல் இழுத்துப் பூட்டுகிற அந்த வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்தவர் யான் ஏர்ன்ஸ்ட் மாட்சலிகர். 1852இல் சுரினாமில் பிறந்த கறுப்பின மனிதர். அமெரிக்காவின் லின் நகரத்துச் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே இரவிரவாய் இருந்து உருவாக்கி 1883இல் காப்புரிமை எடுத்தார். கையால் ஒரு நாளில் 50 சோடி பூட்டின இடத்தில் அவருடைய இயந்திரம் 150 முதல் 700 சோடி வரை பூட்டியது. சப்பாத்து மலிந்தது, சாதாரண சனத்துக்கும் கிடைத்தது. அவர் 1889இல் 36 வயதில் காசநோயால் செத்துப்போனார். நாங்கள் போட்டுத் திரிந்த மலிவுச் சப்பாத்துகளுக்குப் பின்னால் இப்படி ஒரு ஆள் இருந்தார் என்று எந்தப் பள்ளிக்கூடத்துச் சப்பாத்துச் சோதனையிலும் சொல்லித்தரேல்லை.

மருத்துவத்தையும் கேட்போம். 1992இல் இந்திய எலும்பியல் மருத்துவர்களான ராவும் ஜோசப்பும் 2300 பிள்ளைகளின் காலடித்தடங்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். சப்பாத்து, செருப்புப் போடுகிற பிள்ளைகளில் 8.6 வீதமானோருக்குத் தட்டைப்பாதம், போடாதவர்களில் 2.8 வீதம். இன்னும் முக்கியமானது, விரல்பக்கம் மூடின சப்பாத்துப் போட்ட பிள்ளைகளில்தான் அது ஆகக் கூட. செருப்பும் சண்டல்ஸும் போட்டவர்களில் அதைவிடக் குறைவு. எங்கட விதி எதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, எதைத் தடைசெய்திருக்கிறது என்று வாசிக்கிறவர்களே பொருத்திப் பாருங்கோ.

உடனே ஒரு பதில் வரும். 'சீருடை எண்டால் பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே மாதிரித் தெரியும், சப்பாத்தும் அதுக்குத்தான்.' சட்டையில் இது ஓரளவு உண்மை, அரசாங்கம் துணி தருகிறது. சப்பாத்தில் உண்மை நேர் எதிர். இரண்டு சோடி மாறி மாறிப் போடுகிற பிள்ளையின் காலும் ஒரே சோடிப் பிள்ளையின் காலும் பக்கத்தில் நின்றால் ஒரு மாதத்திலேயே வித்தியாசம் தெரியும். வீட்டின் வருமானத்தை வெள்ளைப் பின்னணியில் காட்டித் தருகிற பொருளைச் சமத்துவம் என்று சொல்லக்கூடாது.

இன்னொரு பதில் இதைவிடக் கனமானது, அதை நாங்கள் தள்ளிவிட்டுப் போக முடியாது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்துக்குச் சப்பாத்துப் போடத் தடை இருந்தது. குடை பிடிக்கத் தடை, பஸ்ஸில் இருக்கையில் இருக்கத் தடை. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்றவர்கள் இந்த முழுப் பட்டியலையும் எதிர்த்துத்தான் நின்றார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு வெள்ளைச் சப்பாத்துப் பூட்டி அனுப்புகிறாள் என்றால் அது பெரிய விஷயம். தோட்டங்களிலும் அப்படித்தான். வெறுங்காலால் உள்ளே போகிற கொக்கிப்புழுவுக்கு எதிராக 1916 தொடக்கம் ரொக்பெல்லர் நிறுவனம் அங்கே வேலை செய்ய வேண்டியிருந்தது. வெறுங்கால் சொர்க்கம் என்று கம்பஸில் இருந்து கவிதை பாட நாங்கள் வரேல்லை. போட விரும்புகிறவர் போடுகிற உரிமைக்காகத்தான் அந்தப் போராட்டம் நடந்தது. அந்த நினைவைக் கொண்டுவந்து படலையடியில் ஒரு பிள்ளையை ஒதுக்கி நிறுத்துகிற விதிக்கு முட்டுக்கொடுப்பதை ஏற்க முடியாது. போடாதே என்று சொன்ன அதிகாரமும் இப்படித்தான் போடு என்கிற அதிகாரமும் காலைக் கேட்டு முடிவெடுக்கவில்லை.

கம்பஸுக்கு வந்தும் இது விடுகிறதா? சில பீடங்களில் முதலாம் வருஷப் பிள்ளைகள் பாட்டாவோடுதான் வரவேணும் என்று சீனியர்மார் சட்டம் போடுகிறார்கள். மூன்றாம் வருஷம் பிரசன்டேசனுக்குப் பாட்டாவோடு வந்தால் வேறொரு ஆள் முகத்தைச் சுளிக்கிறார். பதின்மூன்று வருஷம் சப்பாத்தைப் பார்த்து மதிப்பிடப்பட்டவர்கள் அடுத்தவரின் காலை முதலில் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட நிலத்தில் சாக்கு விரித்து இருக்கிற சப்பாத்துத் தைக்கிற ஐயாமாரைப் பாருங்கோ. அவர்களிடமும் ஒரு கட்டை இருக்கிறது, மூன்று கால் உள்ள இரும்புக்கட்டை. ஒரு கால் பெரியவரின் அடி, ஒன்று சின்னது, ஒன்று குதிக்கு. எந்தப் பக்கம் திருப்பினாலும் மற்ற இரண்டும் நிலத்தில் ஊன்றி நிற்கும். வருகிற சப்பாத்துக்கு ஏற்றபடி கட்டையைத் திருப்புகிறார்கள். ஒட்டு விட்ட அடியை நூல் போட்டு இழுத்து இன்னும் ஒரு தவணைக்கு ஓடவிடுகிறார்கள். எங்கட சமூகம் இந்தத் தொழிலுக்கு ஒரு சாதிப் பெயரை வைத்து, அந்தப் பெயரையே வசைச்சொல்லாக்கியும் வைத்திருக்கிறது. அவர்கள் தைத்துத் தந்ததைத்தான் படலையடியில் 'தையல் தெரியுது' என்று காட்டி ஒதுக்குகிறார்கள்.

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மழைக்காலத்திலாவது செருப்போ சண்டல்ஸோ போட்டு வர எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுமதி வேண்டும், 'கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும்' என்று கடிதம் வாங்கிக்கொண்டு அல்ல. வெள்ளை என்ற கட்டாயம் போகட்டும், கறுப்பிலோ மண்ணிறத்திலோ இருந்தால் ஒருவருக்கும் ஒரு பாடமும் குறையாது. தைத்த சப்பாத்து குற்றமில்லை என்று காலைக்கூட்டத்தில் அதிபர் ஒருக்கா வாய்திறந்து சொல்லட்டும். சப்பாத்தைக் காட்டி ஒருவரையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தக்கூடாது. பிக்மட்சுக்கும் நுழைவாயில் வளைவுக்கும் காசு சேர்க்கிற பழைய மாணவர் சங்கங்கள், அடுத்த கூட்டத்தில் ஒரு பத்து நிமிஷம் இதையும் நிகழ்ச்சிநிரலில் போடுங்கோ. அந்தப் பத்து நிமிஷமும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருந்து கதையுங்கோ.