நாடு கடத்தப்பட்ட பாட்டன்

தம் குலமுதல்வரைத் தேடப் புகுவோர் பெரும்பாலும் படைத்தலைவரையும் பிரபுக்களையும் எதிர்நோக்கியே ஏடுகளைப் புரட்டுகின்றனர். கள்வன் ஒருவன் அகப்படின் ஏட்டை மூடிவிடுகின்றனர். இவ்வழக்கம் உண்மை நாடுவோர்க்கு ஏற்றதன்றென்பது நம் கருத்து.

அமெரிக்கர் நிலையை நோக்குவோம். 1718-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பின், 1775 வரையில் ஏறக்குறைய 50,000 குற்றவாளிகள் அட்லாண்டிக் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் இறக்கப்பெற்று, 7 அல்லது 14 ஆண்டு உழைப்புக்கு விற்கப்பட்டனர். ஆயினும் தாமஸ் ஜெபர்சன் 1786-இல், இத்தொகை 2,000-ஐ எட்டாதென எழுதினார். அத்துணைப் பேரறிஞரே இங்ஙனம் குறைத்துரைப்பாராயின், எளிய குடும்பத்தார் தம் பாட்டனை 'ஒப்பந்தக் கூலியாய் வந்தவர்' என மாற்றிக் கூறியதில் வியப்பென்னை?

அவர் செய்த குற்றந்தான் யாது? குடியிருக்கும் வீட்டினுள் 40 ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினோர்க்குத் தூக்கு விதிக்கப்பட்ட காலம் அது. ஆதலின் இரக்கமுள்ள ஜூரிமார் பலர் அப்பொருளை 39 ஷில்லிங் என மதித்து உயிரைக் காத்தனர். வழக்கேட்டில் 39 என்னும் எண்ணைக் காணும் பேரன் அதனை விலையென்று கொள்ளற்க; பெரும்பாலும் அது பன்னிருவர் கூடிச் சொன்ன பொய். (நல்ல பொய்யென்றே நாம் சொல்லுவோம்.)

லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த விசாரணைகளின் அச்சேடுகளைக் கணினி வழியே எவரும் படிக்கலாம். ஏற்றுமதி செய்த வணிகர்க்கு அரசாங்கம் பல்லாண்டுகள் தலைக்கு 5 பவுன் கொடுத்து வந்தமையால், கருவூலக் கணக்கிலும் அவர்தம் பெயர்கள் எஞ்சியுள்ளன. ஆனால் பெயரொற்றுமை ஒன்றையே நம்பலாகாது. ஜான் ஸ்மித்துகள் எண்ணிலர். கரையிறங்கியபின் பெயர் மாற்றிக்கொண்டோரும் உளர்.

ஓடிப்போனவரைப் பிடிக்க யஜமானர் குடியேற்றநாட்டுப் பத்திரிகைகளில் வெளியிட்ட விளம்பரங்களே யாவற்றினும் அரியன. உயரம், தழும்பு, சட்டையின் நிறம், பேச்சின் சாயல் அனைத்தும் ஆண்டு உள. அக்காலத்து நேர்மையான ஏழைகளுள் எத்தனை பேர்க்கு இத்தகைய சொல்லோவியம் உண்டு?

ஆகவே, குடும்ப வரலாற்றில் 'அமெரிக்காவிற் குடியேறினார்' என்று மட்டும் எழுதியமைதல் போதாது. வழக்கு நடந்த நாள், விதித்த தண்டனை, ஏற்றிய கப்பலின் பெயர் ஆகிய மூன்றையும் கிடைத்தவாறே எழுதிவைத்தல் வேண்டும்.