ஊர்க்காரத் தம்பிகளுக்கும் ஒரு மாலை போடுங்க



தைப்பூசம் முடிஞ்சு அண்டா குண்டா எல்லாம் கழுவி ஸ்டோர்ல ஏத்தியாச்சு. முழங்கால் வலி இன்னும் போகல, ஆனா மனசு நிறைஞ்சு கிடக்கு. கூடவே ஒரு சின்ன உறுத்தலும் இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

இந்த வருஷம் பிப்ரவரி 1 ஞாயிற்றுக்கிழமை பூசம், திங்கள் மாற்று விடுமுறை. அதனால புதன் ராத்திரியில இருந்தே பாதயாத்திரை ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. களும்பாங், கெர்லிங், ராசா, பத்தாங் காலின்னு பழைய பெரிய ரோட்டுல நடந்து வர்றவங்க செரண்டா தாண்டி நம்ம சுங்கை சோ வழியாத்தான் ரவாங், செலாயாங் போயி பத்துமலை சேரணும். நம்ம இடத்துக்கு வரும்போதே பாதி பேருக்குக் கால்ல கொப்புளம்.

வழக்கமா நம்ம தண்ணீர்ப் பந்தல்ல என்ன கொடுப்போம்? சிராப் தண்ணி, மோர், சாம்பார் சாதம். பகல்ல தொண்டு செய்ய ஆள் குவியும். ராத்திரி 1 மணிக்கு மேல நானும் ரெண்டு மூணு வயசானவங்களும்தான். ஆனா நடக்குறவங்க வெயிலுக்குப் பயந்து ராத்திரிலதான் நடப்பாங்க. ஆள் தேவைப்படுற நேரத்துல ஆள் இல்ல. பேக்டரில இந்த மாதிரி சிப்ட் போட்டா என்னைத் தூக்கிடுவாங்க.

இந்த வருஷம் அந்த ராத்திரி சிப்டை நாலு தம்பிங்க எடுத்துக்கிட்டாங்க. நாலு பேருமே தமிழ்நாட்டுல இருந்து பெர்மிட்ல வந்தவங்க. ரெண்டு பேர் சாப்பாட்டுக் கடை, ஒருத்தர் முடிதிருத்தும் கடை, ஒருத்தர் தொழிற்சாலை. கடை அடைச்சிட்டு 11 மணிக்கு மேல வருவாங்க, விடியக்காலை 5 மணி வரைக்கும் நிப்பாங்க, ரெண்டு மூணு மணி நேரம் தூங்கிட்டு மறுபடி வேலைக்குப் போவாங்க. அஞ்சு ராத்திரி இப்படியே.

அதுல ஒரு தம்பிக்குக் காரைக்குடி பக்கம். அங்க செட்டிநாட்டுக்காரங்க காவடி கட்டி, குன்றக்குடி, நத்தம், திண்டுக்கல் வழியா பழனிக்கு நடந்தே போற வழக்கம் உண்டு. சின்ன வயசுல இருந்து அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. முதல் நாளே வந்து, "அண்ணே, சோறு அப்புறம். நடந்து வர்றவங்களுக்கு முதல்ல கால் வைக்க வெந்நீர் வேணும், கல் உப்பு வேணும், தேங்காய் எண்ணெய் வேணும்"னு சொன்னான். ரெண்டு பெரிய பேசின்ல வெந்நீர் வச்சோம். சொன்னா நம்ப மாட்டீங்க, சோத்து வரிசைய விட அந்த வரிசை நீளம். நாங்க இத்தனை வருஷம் பந்தல் போடுறோம், ஒருத்தருக்கும் இது தோணல. வயசான அம்மா ஒருத்தர் காலை வெந்நீர்ல வச்சுக்கிட்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாங்க, எழுந்திருக்க மனசே இல்ல அவங்களுக்கு.

ராத்திரி 9 மணின்னா அவங்க ஊர்ல ஆறரை மணி. ஒரு நாள் கடையில சீக்கிரம் விட்டாங்கன்னு அந்தத் தம்பி ஒன்பதுக்கே வந்துட்டான். வீடியோ கால்ல அவங்க அம்மாவுக்குக் காவடிகளைக் காட்டிக்கிட்டே இருந்தான். இந்த நாட்டுக்கு வந்து மூணு வருஷத்துல இந்த ஒரு வாரம்தான் சந்தோஷமா இருந்தேன்னு அப்புறம் என்கிட்ட சொன்னான். அந்த வாரம் முழுக்க அவன் சரியா தூங்கவே இல்ல, அது வேற விஷயம்.

சரி, உறுத்தலுக்கு வர்றேன்.

பூசம் முடிஞ்சு தொண்டர்களுக்கு மாலை மரியாதை செஞ்சோம். பேர் வாசிச்சாங்க. பகல்ல ரெண்டு மணி நேரம் நின்னு படம் எடுத்துக்கிட்டவங்க பேர்கூட வந்துச்சு. இந்த நாலு பேர் பேர் வரல. கேட்டதுக்கு, "அவங்க மெம்பர் இல்லையே, ஊர்க்காரங்கதானே"ன்னு பதில். அதோட, அடுத்த வருஷம் இவங்களைச் சேர்க்க வேணாம், பிரச்னை வரும்னு கூட்டத்துல ஒரு பேச்சும் வந்துச்சு.

என்ன பிரச்னை? நாலு பேருக்கும் முறையான பெர்மிட் இருக்கு. சாமி கும்பிட வர்றவங்க, சம்பளத்துக்கு வரல.

நம்மளை யாராவது 'பெண்டாத்தாங்'னு சொன்னா எப்படி கொதிக்கிறோம்? பேஸ்புக்ல பக்கம் பக்கமா எழுதுறோம். 'ஊர்க்காரன்'னு நாம சொல்லும்போது அதே வார்த்தையைத்தான் தமிழ்ல சொல்றோம். நம்ம தாத்தா பாட்டி எப்படி வந்தாங்க? கங்காணி கூட்டிக்கிட்டு வந்து, கப்பல்ல ஏறி, ரப்பர் தோட்டத்து லயத்துல இறங்கினவங்கதான். அந்தத் தோட்ட ஆள் அனுப்புறதை இந்திய அரசாங்கம் 1938-ல நிறுத்திச்சு. அதுக்கு முன்னாடி வந்ததால நாம மெம்பர், பின்னாடி வந்ததால அவன் ஊர்க்காரனா? 1873-ல கோலாலம்பூர்ல மகா மாரியம்மன் கோயிலைக் கட்டினதும் கடல் தாண்டி வந்த சமூகம்தான். அப்போ மெம்பர் கார்டு யாரு கேட்டா?

இன்னொண்ணும் யோசிக்கணும். வேலைச் சட்டப்படி முதலாளி வருஷத்துக்கு 11 பொது விடுமுறை கொடுக்கணும். அதுல அஞ்சுதான் கட்டாயம், தைப்பூசம் அந்த அஞ்சுல கிடையாது. நம்ம பிள்ளைங்க ஆண்டு லீவு போட்டு வந்துடுவாங்க. இந்தத் தம்பிங்க வாயத் திறந்து கேட்கவே பயப்படுவாங்க. கோயில் நிர்வாகம் ரெண்டு மாசம் முன்னாடியே ஒரு லெட்டர் எழுதி முதலாளிகிட்ட பேசினா, பாதிப் பேர் விட்டுடுவாங்கன்னுதான் நினைக்கிறேன். நான் சூப்பர்வைசர், அந்த மாதிரி லெட்டர் கையில வந்தா மேனேஜர்கிட்ட பேச எனக்கே ஒரு பிடி கிடைக்கும்.

அப்புறம் பாஸ்போர்ட். சில பேரோட பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வச்சிருக்கார். அடுத்தவங்க பாஸ்போர்ட்டை அப்படி வச்சிருக்கிறது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். நம்ம கோயிலுக்கு வர்ற வக்கீல் அன்பர்கள் யாராவது மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை, பூசைக்கு அப்புறம் அரை மணி நேரம் உட்கார்ந்து இந்தப் பிள்ளைங்களுக்கு விளக்கம் சொன்னா, அதுவும் அன்னதானத்துக்குச் சமம்தான்.

பணிவோட கேட்கிறேன், அடுத்த கூட்டத்துல இதைப் பேசுங்க. மாலை 10 வெள்ளிக்கு மேல போகாது, அந்த நாலு மாலை என் செலவு. தம்பிங்களுக்கு வெள்ளிக்கிழமை வர முடியாது, கடையில கூட்டம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 11 மணிக்கு மேல வச்சா நாலு பேரும் வருவாங்க, நான் கேட்டுட்டேன். பங்குனி உத்திரத்துக்கு வெந்நீர் பேசின் இன்னும் மூணு வாங்கணும், யாராவது உபயம் செய்யறதா இருந்தா சொல்லுங்க.

முருகா சரணம்.