மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் போதாதா?

லேத் பட்டறைக்குள் நுழைந்தால், சுழலும் உலோகத்தின் மேல் பால்போன்ற ஒரு திரவம் ஓயாமல் கொட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பட்டறைக்காரர்கள் அதை ‘கூலண்ட்’ என்பார்கள். பெரும்பாலும் அது கனிம எண்ணெயைத் தண்ணீரில் கலந்து செய்த கலவை.

அது ஏன் தேவைப்படுகிறது? உலோகத்தைச் சீவும்போது வெட்டுளியின் முனை பல நூறு பாகை செல்சியஸ் வரை சூடாகி, விரைவில் மழுங்கிவிடும். வெட்டும் இடத்தில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் வேகத்தை ஏறக்குறைய 40 விழுக்காடு கூட்டலாம் என்று அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1907-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். நூறு ஆண்டுகள் கடந்தும் நாம் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதற்கு விலை உண்டு. தொட்டியில் தேங்கும் கலவையில் பாக்டீரியா பெருகி நாற்றமடிக்கும். அதைத் தடுக்க இரசாயனம் சேர்ப்பார்கள். நாள்தோறும் அதில் கை நனைக்கும் தொழிலாளிக்குத் தோல் அழற்சி வரலாம். பழைய கலவையைச் சாக்கடையில் கொட்டவும் முடியாது. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை எஸ்.டபிள்யூ. 307 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாகப் பட்டியலிட்டுள்ளன.

மாற்று வழி இருக்கிறது. அழுத்தக் காற்றோடு எண்ணெயை நுண்துளிகளாக்கி, வெட்டும் முனைக்கு மட்டும் பீய்ச்சுவது ‘குறைந்த அளவு மசகு’ முறை. வழக்கமான முறையில் நிமிடத்துக்குப் பல லிட்டர் பாயும். இதிலோ மணிக்கு 50 மில்லிலிட்டர் அளவே போதும். அதாவது மூன்று மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகம். சீவல்களும் ஏறக்குறைய உலர்ந்தே விழுவதால் மறுசுழற்சிக்கு அனுப்புவது எளிது.

இதற்குத் தாவர எண்ணெய் நன்கு பொருந்தும். அதன் மூலக்கூறின் ஒரு முனை உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு, மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைக்கிறது. நம் செம்பனை எண்ணெயையும் ஆய்வாளர்கள் இப்படிப் பயன்படுத்திச் சோதித்திருக்கிறார்கள்.

‘அப்படியானால் செம்பனைக்கு மாறினால் போதுமே’ என்று சொல்லத் தோன்றும். நான் அதை ஏற்கவில்லை. காட்டை அழித்து நட்ட செம்பனையின் எண்ணெயைப் பசுமை எண்ணெய் என்று எப்படி அழைப்பது? தாவர எண்ணெய் காற்றுப்பட்டால் கெட்டுப்போகும். நுண்துளிகளை உறிஞ்சி வெளியேற்றும் வசதி இல்லாவிட்டால், தோலுக்கு வந்த தொல்லை நுரையீரலுக்கு இடம் மாறும். டைட்டேனியம் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் அதை வெட்டும்போது சில துளி எண்ணெய் போதாமல் போகலாம். அங்கே மைனஸ் 196 பாகையில் உள்ள திரவ நைட்ரஜன் உதவும். ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனைத் திரவமாக்க நிறைய மின்சாரம் வேண்டும்.

ஆகவே எண்ணெயின் பெயரைவிட அதன் அளவே முக்கியம் என்பது என் கருத்து. வார்ப்பிரும்பைப் பல வேளைகளில் எண்ணெயே இல்லாமல் வெட்டலாம். முதலில் அதை முயல வேண்டும். முடியாதபோது சில துளிகள். அதுவும் போதாதபோது மட்டும் ஊற்ற வேண்டும்.

இந்த வரிசையைத் தொழிற்கல்லூரிகள் முதல் பாடத்திலேயே கற்பிக்க வேண்டும். மாணவர்களே, நாளை பட்டறையில் குழாயைத் திறக்கப்போவது உங்களில் சிலர்தாம். திறக்கும்முன் ‘இங்கே எவ்வளவு தேவை?’ என்று கேளுங்கள்.