ஆகாயத்தில் 40 நிமிடம். கடைத்தெரு போய்ச் சேர 5 மணி நேரம்!

சென்னை-பெங்களூர் ஆகாய தூரம் எவ்வளவு? மீனம்பாக்கத்தில் இருந்து தேவனஹள்ளி வரை நூல் பிடித்து அளந்தால் சுமார் 268 கிலோ மீட்டர்தான். ஜெட் விமானத்துக்கு முழு வேகத்தில் 20 நிமிட சமாச்சாரம்!

ஆனால் டிக்கெட்டில் போட்டிருப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல். ஏன்?

விமான கம்பெனிகளின் கணக்கு வேறு. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததில் இருந்து, அந்த ஊரில் போய் நிற்கிற வரைக்கும் பயண நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்து நிற்பது, இறங்க இடம் கிடைக்காமல் வட்டம் அடிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. இந்தக் குட்டி தூரத்தில் மேலே ஏறி முடித்ததுமே இறங்க ஆரம்பித்து விடும். முழு வேகத்துக்கு இடம் ஏது? நேரத்தைக் கொஞ்சம் கூட்டியே போடுவதும் உண்டு. 10 நிமிடம் முன்னதாக இறங்கினால் பயணிக்கு ஒரே குஷி!

டிக்கெட்டில் வராத நேரம்

சவுகார்பேட்டை ஜவுளிக்காரர் பட்டுச் சேலை எடுக்க பெங்களூர் சிக்பேட்டைக்குப் போகிறார். மீனம்பாக்கம் போக ஒரு மணி நேரம். கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடி விடுவார்கள். ஆகவே ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம். பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. தேவனஹள்ளியில் இருந்து ஊருக்குள் வர, டிராபிக் வழிவிட்டால், இன்னும் ஒரு மணி. ஆகமொத்தம் 5 மணி நேரத்தைத் தாண்டி விட்டது!

2022 நவம்பரில் விட்ட வந்தே பாரத் ரெயில் சென்ட்ரலில் இருந்து சுமார் நாலரை மணி நேரத்தில் போய் விடுகிறது. இங்கே சென்ட்ரலும் பக்கம், அங்கே சிக்பேட்டையும் பக்கம். பல்லாவரத்துக்காரர் எலகங்காவுக்குப் போவதானால் விமானம் லாபம்தான். அது வேறு கதை.

தூரம் கூடியது தரையில்

2008 மே மாதம் வரை பெங்களூர் விமானங்கள் ஊருக்குள்ளேயே எச்.ஏ.எல். நிலையத்தில் இறங்கின. பிறகு தேவனஹள்ளிக்கு மாற்றினார்கள். ஆகாய தூரம் ஏறக்குறைய அதேதான். தரை தூரம்தான் நீண்டது.

இப்போது சென்னையின் முறை. இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஏரியும் வயலும் போகுதே என்று ஏகனாபுரம் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மீனம்பாக்கமும் தொடர்ந்து இயங்கும் என்கிறது அரசு. சரி, எந்த விமானம் எங்கிருந்து புறப்படும்? வியாபாரிகளுக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

பரந்தூரில் இருந்து தேவனஹள்ளிக்கு ஆகாய தூரம் 50 கிலோ மீட்டர் போல குறையும். ஆனால் பரந்தூர் இருப்பது சென்னையில் இருந்து சுமார் 70 கிலோ மீட்டர் மேற்கே. பெங்களூர் விமானத்தை அங்கே தள்ளினால், அதைப் பிடிக்க ஜவுளிக்காரர் பெங்களூர் ரோட்டிலேயே ஐந்தில் ஒரு பங்கு தூரம் காரில் போக வேண்டி வரும்!