வீட்டரங்கமும் நம் கையும்

வீட்டிற்குத் தொலைக்காட்சிப் பெட்டியும் ஒலிபெருக்கியும் வாங்குவோர் பலர். அவற்றைத் தம் கையால் அமைப்போர் சிலரே. "பணம் கொடுத்தால் ஆள் வந்து அரைமணியில் மாட்டிச் செல்வார், நமக்கேன் இத்தொல்லை?" என்பது பலர் கூற்று. அது பொருந்தாதென்பது என் கருத்து.

தமிழகத்தில் வானொலி தோன்றியதே தாமே செய்து பார்க்கும் ஆர்வலர் முயற்சியால்தான். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் 1924ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிச் சங்கத்தை நிறுவி, அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கினர். பொருள்முட்டால் 1927இல் சங்கம் ஓய்ந்தது. எனினும் அதன் கருவியைக் கொண்டு சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பை மீண்டும் நடத்திற்று. ஆர்வலர் சிலரின் கைவேலை ஒரு நகருக்கே பயன்பட்டமை காண்க.

நிற்க. வேப்பந்தட்டையில் எம் இல்லத்திற்குப் பெட்டி வந்தபோது, மாட்ட வந்தவர் பிளக்கு இருந்த இடம் நோக்கிச் சுவரின் உயரத்தில் மாட்டிச் சென்றார். அவர் சுவரைக் கண்டார்; வீட்டாரைக் கண்டிலர். எம் பாட்டியார்க்குச் செவிப்புலன் சிறிது குறைவு. படம் தெரிந்தது, பேச்சு விளங்கவில்லை. "என்ன சொல்கிறார்கள்?" என்று அவர் வினவுந்தோறும் நாங்கள் சலித்துக்கொண்டோம். சில நாட்களில் அவர் அடுக்களையிலேயே அமரலானார். பெட்டி கூடத்திற்கு வந்தது. பாட்டியார் கூடத்தைவிட்டு நீங்கினார்.

விடுமுறையில் யான் கையேட்டைப் படிக்கலானேன். மெல்லிய பெட்டிகளில் ஒலி பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ செல்வதால் சொல் தெளிவதில்லை. ஆதலின் தனி ஒலிபெருக்கிகள் இரண்டு வாங்கினோம். முதலிற் பாட்டியாரின் நாற்காலியை இட்டேன். அதனோடு சமபக்க முக்கோணமாகுமாறு, செவியின் உயரத்தில், ஒலிபெருக்கிகளை வைத்தேன். மூலையில் வைத்தால் தடித்த ஓசை மிகுந்து சொல்லை மறைக்கும். ஆகவே சுவரினின்று விலக்கினேன். கம்பியில்லா இணைப்பில் ஒலி பிந்தி, உதடும் சொல்லும் ஒவ்வாமற் போகக்கூடும். ஆகவே கம்பியாலேயே இணைத்தேன். சிமெண்டுச் சுவரின் எதிரொலியை அடக்கப் பஞ்சு மெத்தையொன்றைப் பின்சுவரிற் சார்த்தினேன். பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊரில் பஞ்சுக்குப் பஞ்சமா? அன்று மாலை பாட்டியார் செய்தி முழுவதும் கேட்டு, எங்களுக்கே விளக்கமும் உரைத்தார்.

இதனால் தொழிலாளர் பிழைப்புக் கெடுமென்று சிலர் கூறலாம். சுவரினுள் மின்கம்பி இழுத்தலும், எர்த்து அமைத்தலும் பயின்றவர் பணி. அறியாதார் அதிற் கை வைப்பது உயிருக்கே ஊறாம். அவர்க்குரிய கூலியை மனமுவந்து கொடுப்போம். ஆனால் எவர் எங்கே அமர்வது, எவருக்குக் கேட்கவேண்டும், அண்டை வீட்டார் உறங்கும் பொழுதில் ஓசையை எவ்வளவு தாழ்த்துவது, மாலை ஜெபவேளையில் எப்போது நிறுத்துவது என்பவற்றை வெளியார் எங்ஙனம் அறிவார்? இவை அன்பினால் அறியத்தக்கன. கூலிக்குக் கிடைப்பன அல்ல.

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு வீடு செல்லுங்கால், கூடத்தில் எவருடைய நாற்காலி ஒதுங்கிக் கிடக்கின்றதென்று பாருங்கள். உங்கள் வேலையை அந்நாற்காலியிலிருந்து தொடங்குங்கள்.