வீட்டைத் தூக்கி வச்சா மட்டும் போதுமா?

பதினாலு வயசுப் பொண்ணு. மேல படிக்கணும்னு ஆசை. வீட்டுலயோ, படிச்சது போதும், கல்யாணம் பண்ணிக்கோன்னு சொல்றாங்க. சொல்லாம கொள்ளாம ரயிலேறி அக்கா வீட்டுக்கு ஓடிடுறா. ஏதோ பக்கத்துத் தெருவில் நடந்த மாதிரி இருக்குல்ல? நடந்தது அமெரிக்காவில், 1913-ல். மில்வாக்கியிலிருந்து டென்வருக்கு ஓடிய அந்தப் பொண்ணு, 1969-ல் இஸ்ரேல் பிரதமரான கோல்டா மேயர்.

அக்கா ஷெய்னா காசநோய் சிகிச்சைக்காக டென்வர் வந்தவர். ஜூலியன் தெருவில், நடுச்சுவரைப் பகிர்ந்துகொண்ட சின்னச் செங்கல் வீடு. ரஷ்யாவிலிருந்து வந்த யூதர்கள் சாயங்காலம் அந்தச் சமையலறையில் கூடி, டீ குடிச்சுக்கிட்டே சோஷலிசம், தனி நாடுன்னு விவாதிப்பாங்க. தூங்கப் போகாம கேட்டுட்டு இருந்த கோல்டாவுக்கு உண்மையான பள்ளிக்கூடம் அதுதான்.

1980-களில் அந்த வீடு இடிபடும் நிலைமை. கடைசியில் 1988-ல் வீட்டையே பெயர்த்து, அவ்ராரியா கேம்பஸுக்குக் கொண்டு வந்தாங்க. இப்போ அது மியூசியம். மூணு கல்லூரிகள் சேர்ந்து இருக்கிற கேம்பஸ் அது. கிளாஸுக்குப் போற வழியிலேயே மாணவர்கள் பார்க்கலாம்.

தெருவை விட்டுப் பெயர்த்த வீடு அசல் ஆகுமான்னு சிலர் கேட்பாங்க. இடிஞ்சு போறதுக்கு இது எவ்வளவோ மேல். கோல்டாவின் அரசியல் பிடிக்கலையேன்னும் கேட்கலாம். பாலஸ்தீனர்கள்னு ஒரு மக்களே இருந்ததில்லைங்கிற மாதிரி 1969-ல் அவர் பேசினதை என்னாலயும் ஏத்துக்க முடியாது. ஆனா மியூசியம் கோயில் இல்லையே. அதையும் அங்கேயே சொல்லட்டும்.

என் கேள்வி வேற. 1970-களில் இந்தக் கேம்பஸைக் கட்டுறதுக்காகவே ஒரு குடியிருப்பைக் காலி பண்ணினாங்க. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். ஒன்பதாவது தெருவில் மட்டும் கொஞ்சம் பழைய வீடுகளை விட்டு வச்சாங்க. அந்தக் குடும்பங்களின் வாரிசுகளுக்கு இன்னைக்கு அங்கே படிப்புக் கட்டணச் சலுகை உண்டு. நல்ல விஷயம்தான். ஆனா போன வீடு வருமா?

பிரதமரானவர் ஒரு வருஷம் போல இருந்த வீட்டுக்கு லாரி வந்தது. அதே மண்ணில் தலைமுறையா வாழ்ந்தவங்க வீட்டுக்கு புல்டோசர் வந்தது. அந்தச் சமையலறைகளிலும் யாரோ ஒரு பொண்ணு தூங்காம பெரியவங்க பேச்சைக் கேட்டுட்டு இருந்திருப்பாளே!

கோல்டாவின் வீடு கண்டிப்பா இருக்கணும். ஒரு பிரதமரின் நினைவா மட்டும் இல்லாம, பிழைக்க வந்தவங்க வாழ்ந்த வீடா இருக்கணும். அப்படின்னா, அந்த மண்ணில் இடிபட்ட வீடுகளின் படங்களுக்கும் அதன் சுவரில் ஒரு இடம் வேணும். நீங்க என்ன சொல்றீங்க?