பின்கதவுச் சாவி யாரிடம்?



பாலையூற்றில் நாம் கூடும்போதெல்லாம் சம்பளம், காணி, வீடு என்றே பேச்சு முடிகிறது. இம்முறை ஒரு கதவைப் பற்றிப் பேசுவோம்.

2011 டிசெம்பர் 9ஆம் திகதி விடியுமுன், கல்கத்தாவின் ஆம்ரி வைத்தியசாலையில் தீப்பிடித்தது. வாகனம் நிறுத்தக் கட்டிய நிலக்கீழ்த் தளத்தில் எரியும் பொருட்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கண்ணாடியால் மூடிய அந்தக் கட்டடத்தில் புகை மேல்மாடிகளுக்கு ஏறியது, வெளியேற வழியில்லை. ஏறக்குறைய 90 பேர் மாண்டனர். பெரும்பாலோர் படுக்கையிலேயே மூச்சுத் திணறிய நோயாளர்.

புகையைக் கண்டு முதலில் ஓடிவந்தவர்கள் பக்கத்துச் சேரி மக்கள். காவலாளிகள் அவர்களைத் திருப்பி அனுப்பியதாக அன்றைய செய்திகள் கூறின. கேரளத்து இளம் தாதியர் இருவர் நோயாளர் பலரை வெளியே சேர்த்துவிட்டுத் தாம் உயிர்விட்டனர். அவர்களை வணங்குகிறோம். ஆனால் முறையான வாசல் இருந்திருந்தால், அந்தப் பிள்ளைகள் உயிரைக் கொடுக்க வேண்டி வந்திருக்குமா?

2024 டிசெம்பர் 12ஆம் திகதி இரவு, தமிழ்நாட்டின் திண்டுக்கல்லில் ஒரு தனியார் வைத்தியசாலை எரிந்தது. இறந்தவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. மின்தூக்கிக்குள் மயங்கிக் கிடந்தவர்களைத்தான் மீட்டெடுத்தார்கள். தீ நேரத்தில் மின்தூக்கி பொறியாகிவிடும், படிக்கட்டுத்தான் வழி.

நமக்கு மின்தூக்கி இல்லை, ஆபத்து உண்டு. நாம் பார்த்த ஒரு தோட்ட மருந்தகத்தில் பின்கதவு பூட்டியிருந்தது. சாவி கிளாக்கர் ஐயாவிடம். அவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார். இரவில் பிரசவ வலியோடு ஒரு தாய் அங்கே படுத்திருந்தால்? பிள்ளைக் காம்பராவில் பால் காய்ச்சும் அடுப்புக்குப் பக்கத்திலேயே குழந்தைகள் தூங்கினால்?

லயத்தில் தீப்பிடித்தால் ஒரே கூரை வழியாக வரிசை முழுவதும் பரவும். நகரத்துத் தீயணைப்பு வண்டி மலைப்பாதையில் ஏறி வரும்வரை வாளியோடு நிற்பவர்கள் நாம்தான். அப்படியானால் வழியும் பயிற்சியும் நம்மிடமே இருக்க வேண்டும்.

நிர்வாகங்களிடமும் சுகாதார அதிகாரிகளிடமும் நாம் கேட்பவை:

1. மருந்தகத்துக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் இரண்டு வாசல்கள். ஆள் இருக்கும் நேரத்தில் இரண்டும் உள்ளிருந்து சாவியின்றித் திறக்க வேண்டும்.

2. பழைய மின்கம்பிகளைத் தகுதியுள்ள மின்னியலாளர் சோதித்து, அறிக்கையைத் தொழிலாளருக்கும் காட்ட வேண்டும்.

3. காலாவதியாகாத தீயணைப்புக் கருவியும், அதை இயக்கப் பழகியவர் ஒருவரும் எந்த நேரமும் இருக்க வேண்டும்.

4. நடக்க முடியாதவரை யார் தூக்குவது என்பதை முன்பே தீர்மானித்து, ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை நடத்த வேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களே, இந்த வாரமே உங்கள் மருந்தகத்துப் பின்கதவைத் தள்ளிப் பாருங்கள். திறக்காவிட்டால் திகதியிட்டு எழுதி, பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, நிர்வாகத்திடம் கையளியுங்கள். நமக்கும் அனுப்புங்கள். தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கங்களைக் கதவருகே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

சம்பளத்துக்காகக் குரல் கொடுக்கும் நாம், உயிரோடு வீடு திரும்பும் உரிமைக்காகவும் குரல் கொடுப்போம்.